நடு வயர்

வேலை போய்விட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். "நல்லதுப்பா" என்றார்.

2023 மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை ராத்திரி. பெங்களூரிலிருந்து காஞ்சிபுரம் வந்து, அங்கிருந்து பஸ் மாறிப் புள்ளலூரில் இறங்கி, கை கால் கழுவிக்கொண்டு திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழி முழுக்க ஒத்திகை பார்த்த வாக்கியம் அது. "கம்பெனில ஆளைக் குறைக்கிறாங்கப்பா. என் பேரும் வந்துடுச்சு. திங்கக்கெழமைல இருந்து வேலை இல்ல." அப்பா என் முகத்தையே பார்த்தார். தலையை ஆட்டினார். "நல்லதுப்பா. சாப்டியா?"

ரெண்டு நாள் அந்த "நல்லதுப்பா"வைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். நக்கலா? கோபமா? கடைசியில் அது ஒரு பெரிய மனுஷனின் பக்குவம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எட்டாவது வரை படித்த மனிதர் என்ன ஒரு நிதானத்தில் வாழ்க்கையைப் பார்க்கிறார் என்று ஃபேஸ்புக்கில் எழுதலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை எழுதவில்லை. மூணாவது நாள் அம்மாதான் போட்டு உடைத்தாள்.

"அவருக்கு எங்கடா கேக்குது? ரெண்டு வருசமா யாரு இன்னா சொன்னாலும் நல்லதுப்பாதான். பக்கத்து வீட்ல மாடு செத்துப் போச்சுன்னு வந்து சொன்னாங்க. அதுக்கும் நல்லதுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு."

திரும்பச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லிவிட்டேன் என்ற கணக்கு எனக்கு இருந்தது, அவருக்குத் தெரியாது என்ற வசதியும் இருந்தது. ரெண்டையும் விட மனசு வரவில்லை.

*

அப்பா மைக் செட் வைத்திருந்தவர். 1984-ல் ஆரம்பித்து 2009 வரை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாசக் கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம், சாவு என்று சுற்றுப்பட்டு ஊர்களில் எதுவானாலும் அவருடைய குழாய்தான் கத்தும். புளியமரத்து உச்சியில் ஹாரனைக் கட்டி, யூனிட்டை முறுக்கி, லைன் டிரான்ஸ்பார்மர் வழியாக வயரை இழுத்துக்கொண்டு வந்து ஆம்ப்ளிஃபயரில் சொருகுவார். வயர் நீளமாகப் போனால் சத்தம் வழியிலேயே செத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த லைனில் 100 வோல்ட் வரை ஏற்றி அனுப்புவார்கள். மரத்தின் மேலே யூனிட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி டிரான்ஸ்பார்மர் அதை இறக்கிக் கொடுக்கும். இதை நான் பொறியியல் கல்லூரியில் மூணாவது வருஷம் படித்தேன். அப்பா இதை நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மரத்தில் ஏறிச் செய்துகொண்டிருந்தார்.

யூனிட் வேலை செய்கிறதா என்று பார்க்க அவருக்கு ஒரே வழி. குழாய்க்குள் தலையை விட்டுக் கேட்பது.

புள்ளலூர் சத்தத்துக்குப் பழகிய ஊர்தான். ஏழாம் நூற்றாண்டில் இங்கே எதிரிகளை ஜெயித்ததாக மகேந்திரவர்ம பல்லவனைப் பற்றிக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பர் 10-ம் தேதி ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை இந்த வயல்வெளியில்தான் முடித்துவைத்தார்கள். வெடித்துச் சிதறிய வெடிமருந்து வண்டி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சுவர் ஓவியத்தில் இருக்கிறது. அடுத்த வருஷம் அயர் கூட்டின் படைக்கும் ஹைதருக்கும் இங்கேயே மறுபடி சண்டை. அதில் செத்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு எழுப்பிய நினைவுத் தூண்கள் ரெண்டு ஊரில் நிற்கின்றன. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, பிடித்தது என்று சொல்லக்கூடாது, மறக்க முடியாதது மன்றோதான். பெய்லியோடு சேர வேண்டிய பெரிய படை அவரிடம் இருந்தது. காஞ்சிபுரத்தில் இருந்தார். பீரங்கிச் சத்தம் அவர் படைக்குக் கேட்டது. கேட்டும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. தோற்ற செய்தி வந்ததும் தன்னிடமிருந்த பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு மெட்ராசுக்குத் திரும்பிவிட்டார்.

அம்மாவும் அதையேதான் சொன்னாள், வேறு மாதிரி. "சத்தம் கேக்குது அவருக்கு. இன்னா சொல்றாங்கன்றதுதான் கேக்கல."

அதன் விளைவு டிவியில் தெரிந்தது. ராத்திரி ஏழு மணிக்கு ஆரம்பிக்கும் சீரியல் வசனம் எங்கள் வீட்டிலிருந்து தெருமுனை பம்ப் செட் வரைக்கும் போகும். அம்மாவுக்குத் தலைவலி. காது மெஷின் என்ற பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார். "செவிடன்னு போர்டு எழுதிக் கழுத்துல மாட்டிக்கச் சொல்றியா?" என்பார். சரி, மெஷின் வேண்டாம், ஹெட்போன் மாட்டிக்கொண்டு டிவி பார்க்கட்டும் என்று நினைத்தேன். நல்ல சம்பளம் வந்த காலத்தில் வாங்கிய ஒரு ஹெட்போன் என்னிடம் இருந்தது. காதை முழுசாக மூடுகிற வகை, 250 ஓம். இவ்வளவு ஓம் இருந்தால் போனிலிருந்தும் டிவியிலிருந்தும் வருகிற சொற்ப வோல்டேஜில் அது முனகத்தான் செய்யும். நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு பதினாலு வருஷமாக ஒரு ரெசிஸ்டரைக் கையால் தொட்டதில்லை. வேலையும் இல்லை. நாமே செய்தால் என்ன?

*

வீட்டில் ஹெட்போன் ஆம்ப் செய்கிற எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் சூ மோய் என்பவர் ஹெட்வைஸ் என்ற தளத்தில் போட்ட ஒரு சர்க்யூட். சீமோய் என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. ஒரு 9 வோல்ட் பேட்டரி, எட்டுக் கால் ஐசி ஒன்று, பத்துப் பன்னிரண்டு ரெசிஸ்டர், நாலைந்து கபாசிட்டர், அவ்வளவுதான். அமெரிக்காவில் இதைப் புதினா மிட்டாய் டப்பாவுக்குள் அடக்குவது ஒரு மரபு. எனக்கு என் பழைய ஜாமெட்ரி பாக்ஸ் கிடைத்தது. மூடியின் உள்பக்கம் பத்தாம் வகுப்பு டைம்டேபிள் இன்னும் ஒட்டியிருந்தது.

ஒரு நாள் சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் சாமான் வாங்கினேன். அந்தத் தெருவில் சர்க்யூட்டைக் காட்டினால் அங்கிருக்கும் பையன்கள் பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் ஒரு பாலிதீன் பைக்குள் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். சர்க்யூட்டில் சொல்லியிருந்த ஐசி ஓபிஏ 2134. விலை சில நூறு ரூபாய், அன்று நான் கேட்ட கடைகளில் இல்லை. என்இ 5532 இருந்தது, 20 ரூபாய்க்கு. எழுபதுகளின் இறுதியில் வந்த ஐசி, ஸ்டூடியோ மிக்ஸர்களில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருப்பது, இரைச்சல் குறைவு என்று நல்ல பெயர் எடுத்தது. முக்கியமாக, எட்டுக் கால்களும் அதே வரிசை. சாஃப்ட்வேர்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இன்டர்ஃபேஸ் ஒன்றுதான், உள்ளே இருக்கும் இம்ப்ளிமென்டேஷனை மாற்றினால் எதுவும் உடையாது என்று வாங்கிவந்தேன்.

டாட் போர்டில் பொருத்தி ஈயம் வைத்து முடிக்க நாலு நாள். முதல் ஆன். இடது காதில் ஒன்றுமில்லை. அது சுலபம். ஒரு ஜாயின்ட் சரியாகப் பிடிக்காமல் சாம்பல் நிறத்தில் உருண்டு நின்றது, மறுபடி சூடு காட்டியதும் சரியானது. ரெண்டு காதிலும் பாட்டு வந்தது. வந்தது என்றால், தொண்டை கட்டியவன் பாடுகிற மாதிரி. மெதுவாக வைத்தால் பரவாயில்லை. கொஞ்சம் ஏற்றினால் கிழியும். ஹெட்போன் பின்னைச் சொருகும்போது 'டொப்' என்று ஒரு சத்தம் வேறு.

பதினோரு நாள் இதோடு மல்லுக்கட்டினேன். அந்தப் பதினோரு நாளைப் பற்றி எழுத நிறைய இல்லை. கபாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றினேன். ஐசியை மாற்றி இன்னொரு 5532 போட்டேன். புதுப் பேட்டரி. ரெண்டாவது போர்டு முதலிலிருந்து. மல்டிமீட்டரை வைத்து அளந்தால் எல்லாமே புஸ்தகத்தில் இருக்கிறபடி. பேட்டரி 9 வோல்ட். நடுவில் 4.5. எதிலும் குறை இல்லை. எல்லா யூனிட் டெஸ்டும் பாஸ் ஆகி, ப்ரொடக்‌ஷனில் மட்டும் உடைகிற கோடு மாதிரி. பெங்களூரில் இப்படி ஆனால் லாக் எடுத்துப் பார்ப்பேன். இதில் லாக் எங்கே இருக்கிறது?

அந்த 'நடுவில் 4.5' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், எல்லாம் அங்கேதான் கிடந்தது. பாட்டு என்பது மின்சாரத்தில் மேலும் கீழும் ஆடுகிற அலை. அது ஆட நடுவில் ஒரு பூஜ்யம் வேண்டும். பேட்டரியிலோ பிளஸ், மைனஸ் என்று ரெண்டு முனைதான், நடு கிடையாது. சூ மோயின் சர்க்யூட்டில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டை வரிசையாகப் பேட்டரிக்குக் குறுக்கே போட்டு, அவை சேரும் இடத்தை பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஹெட்போனின் ஒரு முனை அந்தப் பொய்யான பூஜ்யத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது.

*

அப்பா இதையெல்லாம் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காதவர்கள் ரொம்பப் பார்ப்பார்கள், இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பன்னிரண்டாவது நாள் காலையில் வந்து பக்கத்தில் குந்தினார்.

"இன்னா ஆம்பு இது? 4440-ஆ?"

4440 என்பது நம் ஊர்க் கடைகளில் எல்லோருக்கும் தெரிந்த ஸ்பீக்கர் ஆம்ப் ஐசி. இல்லப்பா, இது ஹெட்போனுக்கு என்று சைகையில் காட்டினேன். போர்டைத் திருப்பிப் பார்த்தார். ஈயம் வைத்ததைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம்.

"லோடு போட்டு அளந்தியா?"

புரியவில்லை. ஹெட்போனைக் காட்டினார்.

"அது வெல ஜாஸ்திப்பா. எதுனா ஆயிடப் போவுதுன்னு கழட்டி வெச்சுட்டுதான் அளக்குறேன்" என்று கத்தினேன்.

"லோடு இல்லாம அளந்தா எல்லா ஆம்பும் நல்ல ஆம்புதான்."

உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒரு சாக்கை இறக்கினார். 2009-ல் செட்டை விற்றபோது விற்காமல் வைத்துக்கொண்ட சாமான்கள். அதிலிருந்து அவருடைய முள் மீட்டரையும் 220 ஓம் ரெசிஸ்டர் ரெண்டையும் எடுத்தார். ஹெட்போன் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக ரெசிஸ்டரை முறுக்கி மாட்டினார். மீட்டரின் ஒரு கம்பியை நடுவிலும் இன்னொன்றை மைனஸிலும் வைத்தார். 4.5-ல் நிற்க வேண்டிய முள் சரிந்து 2-க்கும் கீழே போய்ப் படுத்தது. மேல் பக்கம் 7-க்கு மேல். ரெசிஸ்டரைக் கழற்றினார். முள் எழுந்து 4.5-க்கு வந்தது. மாட்டினார். விழுந்தது. பதினோரு நாளாக என் கண்ணில் படாதது பத்து விநாடியில் ஒரு முள்ளில் தெரிந்தது.

"நடு வயர் எங்கேர்ந்து வருது?" என்றார்.

ரெண்டு ரெசிஸ்டரைக் காட்டினேன்.

"12-0-12 டிரான்ஸ்பார்மர்ல நடு வயர் எங்கேர்ந்து வரும்? சுத்துலேர்ந்தே வரும். எவ்ளோ இழுத்தாலும் நிக்கும். இது நூல்ல கட்டின மாதிரி கீது. ஆள் யாரும் புடிக்காத வரிக்கும் நேரா நிக்கும். புடிச்சா எப்படித் தாங்கும்?"

"இன்னா பண்றது?"

"ரெண்டு பேட்டரி போடு. சேர்ற எடத்துலேர்ந்து நடு எடு."

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, ஆனாலும் வெட்கமாகத்தான் இருந்தது. ரெண்டாவது பேட்டரிக்கு நான் வயர் சீவிக்கொண்டிருந்தபோது, முள் மீட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வேலை இன்னா ஆச்சு உனக்கு?"

கை நின்றுவிட்டது.

"ஒரு மாசத்துக்கு மேல அந்த லேப்டாப்பு பையிலயேதான் கீது. காதுதான் கேக்காது, கண்ணுமா தெரியாது?"

மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை. கொஞ்சம் ஏற்றிச் சொன்னேன். காதைத் திருப்பினார். அவமானமான ஒரு விஷயத்தைக் காது கேட்காதவரிடம் சொல்ல வேண்டியிருப்பது எப்படிப்பட்டது என்று அன்றைக்குத் தெரிந்தது. ரகசியமாகச் சொல்லவே முடியாது. "வேலை போயிடுச்சுப்பா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். எதிர் வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி குனிந்துகொண்டது.

"வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னேன்ப்பா."

"எங்கிட்டயா?"

"ம்."

"நான் இன்னா சொன்னேன்?"

"நல்லதுப்பான்னு சொன்ன."

மீட்டரை ரொம்ப நேரம் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அந்த செவப்பு வயரை எடு" என்றார்.

*

ரெண்டு பேட்டரி போட்டதும் கிழிசல் நின்றுவிட்டது. ஆனால் அந்த 'டொப்' போகவில்லை. நடு வயர் ஏன் விழுந்தது என்பதற்கு அப்பா சொன்னது பாதிதான். நூலில் கட்டியிருந்தது சரி, இழுத்தது யார்? பாட்டே ஓடாதபோதும் விழுந்ததே?

அன்றைக்கு ராத்திரி முதல்முறையாக ரெண்டு ஐசிகளின் டேட்டாஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஓபிஏ 2134-ன் உள்ளீட்டுக் கால் உறிஞ்சும் கரண்ட் 5 பிகோ ஆம்பியர், அதாவது இல்லாததற்குச் சமம். 5532 வேறு ஜாதி டிரான்சிஸ்டர்களால் ஆனது, 200 நானோ ஆம்பியர் உறிஞ்சும். நாற்பதாயிரம் மடங்கு. அப்படியும் அது துளிதான். ஆனால் அந்தத் துளி என் சர்க்யூட்டில் 100 கிலோ ஓம் வழியாக வர வேண்டும். 200 நானோவை 100 கிலோவால் பெருக்கினால் 20 மில்லி வோல்ட். ஆம்ப் அதைப் பாட்டு என்று நினைத்துத் தன் பங்குக்கு 11 மடங்கு பெருக்கும். 220 மில்லி வோல்ட். பாட்டு ஓடாவிட்டாலும் ஹெட்போனில் எப்போதும் கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக நின்றுகொண்டிருந்தது. அதுதான் நூலைப் பிடித்து இழுத்த ஆள். கால்களின் வரிசை ஒன்றாக இருந்தால் ரெண்டும் ஒன்று என்று நினைத்தேன் பாருங்கள்.

100 கிலோ ஓமை 10 கிலோ ஆக்கினேன். அப்படிச் செய்தால் பேஸ் குறையும், அதனால் உள்ளே வரும் 0.1 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டரை 1 மைக்ரோ ஆக்கினேன். பெருக்கலை 11-லிருந்து 3 பக்கம் இறக்கினேன். நின்றுகொண்டிருந்த வோல்டேஜ் 10 மில்லிக்கும் கீழே வந்தது. 'டொப்' போய்விட்டது. காலையில் அப்பாவிடம் காட்டி, கண்டன்சரை மாத்தினேன் என்றேன். அவர் பாஷையில் கபாசிட்டருக்குக் கண்டன்சர் என்றுதான் பெயர். "அது நீ படிச்ச படிப்பு" என்றார்.

ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டேன். குறைந்தது முந்நூறு கல்யாணத்திலாவது அவர் போட்ட பாட்டு. கண்ணை மூடிக்கொண்டார். விரல் தொடையில் தாளம் போட்டது. பல்லவி முடிந்து இசை வரும் இடத்தில் கண்ணைத் திறந்தார்.

"இங்க ஷேக்கர் வரணும். உன் ஆம்புல அது இல்ல."

ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்தேன். ஷேக்கர் இருந்தது. மணலை முறத்தில் போட்டு ஆட்டுகிற மாதிரி, ரெண்டு காதிலும், தெளிவாக.

இருக்குப்பா என்றேன். இல்ல என்றார். வால்யூமை ஏற்றினார். நான் இறக்கினேன். மறுபடி ஏற்றினார். "கொறைச்சு வெச்சா கேக்கல, கூட்டி வெச்சா மண்டைல அடிக்குது. இன்னாடா ஆம்பு செஞ்சிருக்க?" என்று கழற்றி வைத்துவிட்டார்.

லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்தேன். வெறும் ஒற்றை சுருதிகளாக ஒரு ஃபைல் செய்தேன். 250 ஹெர்ட்ஸ், 500, 1000, 2000, 4000, 8000. கேட்டால் விரலைத் தூக்கு என்றேன். 1000 வரை தூக்கினார். 2000-த்துக்கு யோசித்துத் தூக்கினார். 4000 ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நின்ற எனக்கே ஹெட்போனின் ஓரத்தில் கசிந்து அந்தக் 'கீ' கேட்டது. அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டு, "போடு, இன்னும் ஏன் போடல?" என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டுட்டேன்பா என்று சொல்லவில்லை.

*

காஞ்சிபுரத்தில் முறையாகப் பரிசோதனை செய்தபோது வந்த வரைபடமும் அதையேதான் காட்டியது. 1000 வரை ஓரளவு மட்டமாக வந்து, 2000-த்தில் சரிந்து, 4000-த்தில் கிணற்றுக்குள் விழுந்த கோடு. சத்தத்தில் வேலை செய்தவர்களின் காது முதலில் அந்த 4000 பக்கம்தான் போகும் என்றார் பரிசோதித்த பெண். உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒன்று இருக்கிறது, அதற்குள் வரிசையாக மயிரிழைச் செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. கீச்சுச் சத்தங்களுக்கான செல்கள் ஓட்டின் வாசலிலேயே இருக்கின்றன. செத்த செல் மனிதர்களுக்கு மறுபடி முளைக்காது.

அவர் சொன்ன இன்னொன்றை நான் தமிழ் இலக்கணத்தில் வைத்துப் புரிந்துகொண்டேன். நாம் பேசுவதில் உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில், நல்ல பலத்தோடு வரும். மெய்யில் ம், ன், ல் எல்லாம் கூடத் தப்பிக்கும். க், ச், ட், த், ப் இருக்கின்றனவே, பெயர்தான் வல்லினம், சத்தத்தில் அவைதான் பலவீனமானவை. அதிலும் ச உயரமான சுருதியில் போகிற வெறும் காற்று. ஆகவே அப்பாவின் காதில் உயிர் கேட்கிறது, மெய் உதிர்ந்துவிடுகிறது. உயிரை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அவர் இத்தனை வருஷமாக ஊகித்துக்கொண்டிருந்தார். ஊகம் கைகொடுக்காத இடத்தில் நல்லதுப்பா.

என் ஆம்ப் என்ன செய்தது? எல்லாவற்றையும் ஒரே அளவில் பெருக்கியது. நன்றாகக் கேட்பதை மண்டையில் அடிக்கும் அளவுக்கு ஏற்றியது, கேட்காததைக் கேட்காமலே விட்டது. மிச்சமிருக்கும் செல்களையும் அடித்திருக்கும். வேலையிடங்களுக்கு அமெரிக்காவில் ஒரு பரிந்துரைக் கணக்கு உண்டு. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிஷம். குழாய்க்குள் தலையை விடுகிறவருக்கு எத்தனை விநாடி என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கிக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் தடை என்ற சட்டம் 2000-ல் வந்தது. அது பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்துக்காக. மரத்தில் ஏறுகிறவரின் காதுக்கு யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. அந்தக் குழாயில்தான் என் ஹாஸ்டல் ஃபீஸ் வந்தது. இதை அவரிடம் சொன்னால் "அதுக்கு இன்னா இப்போ" என்பார். அதனால் சொன்னதில்லை.

மெஷினை அவர் ஏற்றுக்கொண்டதற்கு என் பேச்சு காரணமில்லை. சோதித்துப் பார்க்கக் காதில் மாட்டியபோது, சரியாக உட்காருகிறதா என்று கையைக் குவித்துக் காதை மூடினார். 'கீ' என்று கத்தியது. அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"ஃபீட்பேக்கு! டேய், இது மைக் செட்டுடா!"

மைக், ஆம்ப், ஸ்பீக்கர், மூணும் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குள். அதன்பிறகு அந்தப் பெண்ணை விடவில்லை. இதில் ஈக்வலைசர் இருக்குதா, எத்தனை பேண்டு, சத்தம் ஜாஸ்தியானா புடிச்சு நிறுத்துமா? அவர் பொறுமையாகச் சொன்னார். அப்பாவுக்கு எந்த சுருதி போனதோ அதை மட்டும் ஏற்றும், மெதுவான சத்தத்தை அதிகமாகவும் பெரிய சத்தத்தைக் குறைவாகவும் பெருக்கும். "லிமிட்டர் கீது" என்று என்னிடம் திரும்பிச் சொன்னார், நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கூட்டத்தில் எல்லோர் பேச்சும் ஒன்றாகக் கலந்து வருகிறது என்று கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார். குக்கர் விசில் எரிச்சலாக இருக்கிறது. தன் செருப்புச் சத்தத்துக்கு ரெண்டு நாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார். டிவி மட்டும் வீட்டுக்குள் அடங்கிவிட்டது.

ஆம்ப் என் மேஜையில் இருக்கிறது, நான்தான் கேட்கிறேன். அக்டோபர் மாதம் ஒரு சாயங்காலம் அப்பா உள்ளே வந்தார். மெஷின் காதில் இருந்தது. ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துப் புரட்டி, ஹெட்போனைக் காதை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒட்டினால் மெஷின் கத்தும், அதை அவரே கண்டுபிடித்திருந்தார்.

"வேலை கெடச்சிருச்சுப்பா. சென்னைல. வீட்லேர்ந்தே பாக்கலாம்" என்றேன். சாதாரணக் குரலில்தான் சொன்னேன்.

"சம்பளம் பழசை விடக் கம்மியா?"

"கொஞ்சம் கம்மிதான்."

"ம்" என்றார். வால்யூமைத் திருகினார். நிறுத்தினார். மறுபடி திருகினார்.

"கரகரங்குதேடா. நீ கவனிக்கலியா?"

முதல் நாளிலிருந்தே கரகரத்துக்கொண்டிருந்தது. அப்போது அவரிடம் கேட்டதற்கு ஒண்ணும் இல்லியே என்றிருந்தார்.

"வால்யூம் கண்ட்ரோல்ல தூசி. ரெண்டு சொட்டு பெட்ரோல் வுட்டு நாலு திருப்பு திருப்புனா போயிடும்" என்று சொல்லிவிட்டு, மேஜையில் கிடந்த பேனா மூடியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற டிவிஎஸ் எக்ஸெல்லிடம் போனார். "அந்தப் பேட்டரியக் கழட்டி வை" என்று அங்கிருந்து குரல் வந்தது.